விசிறி வால்! கிளி மூக்கு! பரிசு வாங்கும் சேவல்கள்

திண்டுக்கல்லில் ஒரு சேவல் போட்டி நடக்கும். பெரும்பாலும் பொங்கலை ஒட்டிய நாட்களில் நடக்கும். மைதானம் நிறைய ஜனங்கள் கூடுவார்கள்.

சேவல் போட்டி என்றதும் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே காலில் கத்தி கட்டுவதில்லை. ஒரு சொட்டு இரத்தம் சிந்துவதில்லை. இது அழகுப் போட்டி!

சேவலைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நடுவர்கள் மூக்கைப் பார்ப்பார்கள். கண்ணைப் பார்ப்பார்கள். கொண்டையைப் பார்ப்பார்கள். உயரம், எடை, காலின் கட்டு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கடைசியில் எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்தில் போய் நிற்கும். அதுதான் வால்!

இந்தச் சேவலுக்குப் பெயர் "கிளிமூக்கு விசிறிவால்". கிளியின் மூக்குப் போல வளைந்த, குட்டையான, தடித்த அலகு. பின்னால் தரையைத் தொடும்படி தொங்கி, விசிறி மாதிரி விரியும் வால். நல்ல சேவல் என்றால் லட்சக் கணக்கில் விலை பேசுகிறார்கள். ஒரு குஞ்சுக்கே ஆயிரக் கணக்கில் பணம் கொடுக்கிறார்கள்.

ஒரு கோழிக்கா இவ்வளவு பணம்? அந்த வாலில் அப்படி என்ன இருக்கிறது?

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்பெல்லாம் ராமானுஜர் பிறந்த ஊர் என்பார்கள். இப்போது கார் பிறக்கும் ஊர் என்றும் சொல்லலாம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் இன்னொரு கார் தொழிற்சாலை வந்தது. 2013-ல் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன.

ஆனால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஊர்கள் இருக்கின்றன. ஏரி இருக்கிறது. தென்னை ஓலைப் பந்தல் இருக்கிறது. மாடு மேய்க்க மைதானம் இல்லாமல் போன வீட்டிலும் நாலு கோழிக்கு இடம் இருக்கும். ஷிப்டு முடிந்து வரும் பிள்ளை, தூங்குவதற்கு முன்னால் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்கிறான் என்றால், அங்கே பஞ்சாரத்துக்குள் ஒரு சேவல் இருக்கிறது என்று அர்த்தம்!

இப்படி ஆசைப்பட்டுச் சேவல் வாங்குகிறவர்கள் பலர். ஏமாறுகிறவர்களும் பலர். "சுத்த ஜாதிக் குஞ்சு" என்று சொல்லி விற்பார்கள். குஞ்சிலே வால் ஏது? வளர்ந்த பிறகுதான் வண்டவாளம் தெரியும். அதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும். மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கிய குஞ்சு, கடைசியில் குழம்புக்குத்தான் ஆகும்.

ஆகவே, இறகைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பணத்தை எடுப்பது நல்லது.

கல்லிலே நிற்கும் சேவல்

தமிழனுக்கும் சேவலுக்கும் பழைய உறவு. முருகன் கொடியில் சேவல் இருக்கிறது. சோழர்களின் பழைய தலைநகரான உறையூருக்குக் கோழியூர் என்றே ஒரு பெயர் உண்டு. அங்கே ஒரு கோழி யானையையே எதிர்த்து விரட்டியது என்று கதை சொல்வார்கள்.

கதை இருக்கட்டும். கல்லே சாட்சி சொல்கிறது. போரில் இறந்த வீரனுக்குக் கல் நடுவது பழைய வழக்கம் அல்லவா? அந்த மரியாதையைச் சேவலுக்கும் செய்திருக்கிறார்கள்! விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் அப்படி ஒரு நடுகல் இருக்கிறது. ஏறக்குறைய 1,500 வருஷத்துக்கு முந்தியது. முகையூர் மேற்சேரியின் சேவல் என்று அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். சேவலின் உருவமும் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் இந்தளூரிலும் இதேபோல் ஒரு கல் கிடைத்தது. அது கீழ்ச்சேரிச் சேவலின் கல்.

மேலச்சேரி, கீழச்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று சேவலை மோதவிட்டிருக்கிறார்கள். செத்த சேவலுக்கு அழுதுமிருக்கிறார்கள்.

இன்று அந்த மோதலுக்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 1960-ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டிவிடுவதைக் குற்றம் என்கிறது. பொங்கல் வந்தால் கோர்ட்டுக்கு மனுக்கள் போவதும், கிராமத்துக்குப் போலீஸ் போவதும் வாடிக்கை. இந்த நிலையில், சேவல் மேல் ஆசை உள்ளவனுக்குச் சண்டையில்லாமல் மார்தட்ட ஒரு வழி வேண்டும். கண்காட்சி அந்த வழியைத் திறந்துவிட்டது.

இங்கிலாந்திலும் இதேதான் நடந்தது! அங்கே 1835-ல் சேவல் சண்டையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பத்தே வருஷம் கழித்து, 1845-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் கோழிக் கண்காட்சி நடந்தது. 1849-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலும் நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கோழிகள் வந்தன. பார்க்க வந்த கூட்டத்துக்குக் கணக்கில்லை. அதன் பிறகு கொஞ்ச காலம் அந்த நாடுகளில் கோழிப் பைத்தியமே பிடித்து ஆட்டியது. ஒரு ஜோடிக் கோழிக்காகச் சொத்தை இழந்தவர்கள்கூட உண்டு. விக்டோரியா மகாராணியும் அரண்மனையில் கோழி வளர்த்தார்! அவர் வளர்த்தது "கோச்சின்" என்ற ஜாதி. பெயரைப் பார்த்து நம்முடைய கொச்சி என்று மயங்க வேண்டாம். அது சீனத்துக் கோழி.

வெள்ளைக்காரனுக்குக் குட்டை வால், நமக்கு நெட்டை வால்

நம் சண்டைச் சேவலை உலகம் "அசீல்" என்று அழைக்கிறது. அரபு மொழியில் இருந்து வந்த சொல். சுத்தமான, கலப்பில்லாத என்று பொருள். கார்ன்வால் என்பது இங்கிலாந்தின் ஒரு பகுதி. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே நம் அசீல் இரத்தத்தைக் கலந்து "கார்னிஷ்" என்ற கோழியை உண்டாக்கினார்கள். இன்று ஊரெல்லாம் விற்கும் பிராய்லர் கோழிக்கு அந்தக் கார்னிஷ் ஒரு மூதாதை. ஆக, கறிக்கடைக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக் கோழி நம் சண்டைச் சேவலுக்குத் தூரத்துப் பேரன்!

சீமைக் கண்காட்சிகளில் அசீலைக் "கெட்டி இறகுக் கோழி" என்று தனி வகுப்பில் வைக்கிறார்கள். இறகு குட்டையாக, ஒடுக்கமாக, கம்பி போல உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். அடியில் பஞ்சு மாதிரி மென்மயிர் மிகக் குறைவாக இருக்க வேண்டும். மார்பெலும்பின் மேல் இறகே இல்லாமல் சிவந்த தோல் தெரிந்தாலும் குற்றமில்லை. வாலும் குட்டையாக, கீழே தாழ்ந்து இருக்க வேண்டும்.

அதாவது, திண்டுக்கல்லில் முதல் பரிசு வாங்கிய சேவலை லண்டனுக்குக் கொண்டுபோனால் வாலைப் பார்த்தே தள்ளிவிடலாம்! நீண்ட வால் தமிழ்நாட்டு ரசிகர்களின் தனி ஆசை. சண்டையில் நீண்ட வால் தொல்லை. எதிரி மிதிப்பான், கால் தடுக்கும். சண்டை போனது, வால் நீண்டது என்று சொன்னால் அது முழுப் பொய் ஆகாது.

நிறத்திலும் நம்மவர்களுக்குத் தனிக் கணக்கு. கறுப்பு என்றால் காகம். மயில், வல்லூறு, கீரி என்றெல்லாம் இறகின் நிறத்துக்குப் பெயர் உண்டு. பஞ்சபட்சி சாஸ்திரத்தில் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பறவைகள். இன்ன நேரத்தில் இன்ன பறவைக்குப் பலம் என்று கணக்குப் போட்டுத்தான் பழைய ஆட்கள் சேவலைக் களத்தில் இறக்குவார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும். கண்காட்சியில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே நிறம் தெளிவாக இருக்கிறதா, மினுமினுப்பு இருக்கிறதா என்பதே கேள்வி.

இறகு என்பது என்ன?

ஒரு கோழிக்கு ஏறக்குறைய 8 ஆயிரம் இறகுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் அதிசயம்.

ஒரு வால் இறகை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். நடுவில் தண்டு. இரு பக்கமும் சீப்புப் பல் போலக் கிளைகள். அந்தக் கிளைகளிலும் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கிளைகள். அவற்றின் நுனியில் கொக்கிகள்! ஒரு கொக்கி அடுத்த கிளையைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இறகு துணி மாதிரி ஒன்றாக நிற்கிறது. விரலால் பிரித்துவிட்டு, மறுபடி நீவிவிட்டால் சேர்ந்துகொள்கிறது அல்லவா? கொக்கிகள் மாட்டிக்கொண்டன, அவ்வளவுதான். கோழி ஓயாமல் அலகால் இறகைக் கோதுவது இதற்காகத்தான். வாலின் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதைத் தொட்டுத் தொட்டு உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும்.

நல்ல இறகுக்கு அடையாளம் மூன்று. தண்டு தடிப்பாக, வளையாமல் இருக்க வேண்டும். ஓரம் கிழியாமல், கொக்கி விடாமல் இருக்க வேண்டும். எண்ணெய் தடவினது போன்ற பளபளப்பு வேண்டும்.

இன்னொரு ரகசியமும் உண்டு. இறகிலே குறுக்காக, மெலிதாக, கண்ணாடி போன்ற கோடு தெரிகிறதா? இறகு வளர்ந்த நாளில் அந்தக் கோழி பட்டினி கிடந்தது, அல்லது நோயில் கிடந்தது, அல்லது எதையோ கண்டு பயந்து நடுங்கியது என்று அர்த்தம். அந்த இடத்தில் இறகு பலவீனமாகிவிடும். பிறகு அங்கேதான் ஒடியும். விற்கிறவன் வாயால் எதையும் சொல்லலாம். இறகு பொய் சொல்லாது. வாங்கப் போகிறவர்கள் முதலில் வால் இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது.

ஒடிந்தால் வளராது, பிடுங்கினால் வளரும்

இதைக் கேட்டுப் பலரும் திகைப்பார்கள். இறகு பாதியில் ஒடிந்துவிட்டால் அது மறுபடி நீளாது. நம் நகம் மாதிரி அல்ல. வளர்ந்து முடிந்த இறகு உயிரில்லாத பொருள். அடுத்து இறகு உதிரும் காலம் வரை அந்த ஒடிந்த முண்டம் அப்படியே நிற்கும். வேரோடு பிடுங்கப்பட்டால் அந்தக் குழியில் புதிது முளைக்கும். அதற்காகப் போட்டிக்கு முன் ஒடிந்ததையெல்லாம் பிடுங்கலாமா? கூடாது! கோழிக்கு உயிர் போகும் வலி. குழி கெட்டுப்போனால் அடுத்த இறகு கோணலாக முளைக்கும், அல்லது முளைக்காமலே போகும். முளைத்து வரும் இறகின் தண்டில் இரத்தம் ஓடும். அதைப் பிடித்து இழுத்தால் இரத்தம் கொட்டும்.

வருஷத்துக்கு ஒரு முறை கோழி தன் பழைய இறகை உதிர்த்துப் புதியதைப் போட்டுக்கொள்ளும். பகல் குறையத் தொடங்கும் காலத்தில் பெரும்பாலும் இது நடக்கும். முதலில் தலை, கழுத்து. பிறகு மார்பு, முதுகு. அப்புறம் இறக்கை. கடைசியில் வால். இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த நாட்களில் ராஜா மாதிரி இருந்த சேவல், மழையில் நனைந்த பழந்துணி மாதிரி மூலையில் நிற்கும். பெட்டை முட்டை இடுவதையும் நிறுத்திவிடும். நோய் வந்துவிட்டது என்று பயந்து மருந்து கொடுப்பவர்கள் உண்டு. அது நோயல்ல.

காஞ்சிபுரம், செங்கல்பட்டுச் சீமையில் இதே சமயம்தான் வடகிழக்கு மழை கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரிக்கரை ஊர்களில் கொல்லையெல்லாம் சேறு. புதிய வால் சேற்றில் புரண்டால் தை மாதத்துப் போட்டிக்குப் போவது எப்படி? ஆகவே, மழைக்கு முன்னாலேயே கூண்டின் தரையை உயர்த்தி, மணல் கொட்டிவிட வேண்டும். சிமெண்டுத் தரை ஆகாது. வாலின் நுனியை அரைத்துவிடும். சேவல் ஏறி உட்காரும் கட்டை, வால் தரையில் படாத உயரத்தில் இருக்க வேண்டும். கூண்டு குறுகலாக இருந்தால் சேவல் திரும்பும்போதெல்லாம் கம்பியில் வால் உரசும். ஒரு கூண்டுக்கு ஒரு சேவல்தான். இரண்டை விட்டால் காலையில் இரண்டுக்கும் வால் இருக்காது!

ஜப்பான்காரர்கள் இந்த விஷயத்தில் எல்லாரையும் மிஞ்சிவிட்டார்கள். அங்கே கொச்சி என்றே ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே "ஒனகதோரி" என்று ஒரு சேவல் ஜாதி. அதன் வால் இறகு வருஷா வருஷம் உதிர்வதில்லை. வளர்ந்துகொண்டே போகிறது. 10 மீட்டருக்கும் மேல் வளர்ந்த வால் உண்டு! மூன்று மாடி உயரம்! பழைய காலத்தில் பிரபுவின் ஊர்வலத்தில் ஈட்டிகளை அலங்கரிக்க இந்த இறகைப் பயன்படுத்தினார்களாம். 1952-ல் ஜப்பான் அரசாங்கம் இந்தக் கோழியை நாட்டின் விசேஷ இயற்கைச் செல்வம் என்று அறிவித்தது. உயரமான, ஒடுக்கமான பெட்டியில் மேலே உட்கார வைத்து, வாலைச் சுருட்டித் தொங்கவிட்டு வளர்ப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் நாள் முழுதும் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தச் சேவலைக் கேட்டால் என்ன சொல்லுமோ!

வாலுக்குத் தீனி

இறகில் நூற்றுக்கு 90 பங்கு புரதம். இறைச்சியிலும் பயறிலும் உள்ள அதே சத்து. ஆகவே, இறகு முளைக்கும் காலத்தில் வெறும் அரிசியும் கம்பும் போட்டால் பற்றாது. வயிறு நிறையும். வால் வளராது.

செலவில்லாத பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒரு பழைய பானையில் காய்ந்த சாணம், கந்தல் சாக்கு, ஓலைத் துண்டு ஆகியவற்றைப் போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் பானை நிறையக் கரையான்! கோழிக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. இதோடு கம்பு, சோளம், கேழ்வரகு, ஊறவைத்த பயறு, கருவாட்டுத் தூள், முருங்கைக்கீரை. கடலைப் புண்ணாக்கும் நல்லதுதான். ஆனால் பூசணம் பிடித்ததாக இருக்கக் கூடாது. அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுத்துக் கோழியைக் கொன்றுவிடும். மழைக் காலத்தில் புண்ணாக்கை முகர்ந்து பார்த்துப் போடுவது புத்திசாலித்தனம்.

நல்ல தீனி போட்டும் இறகு மங்கலாக இருந்தால், இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். திருடன் அப்போதுதான் வெளியே வருவான். சிவப்புச் செள்ளு பகலில் கட்டையின் இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் ஏறி இரத்தம் குடிக்கும். பேன் பகலிலும் உடம்பிலேயே இருக்கும். வாலுக்கு அடியில் இறகின் வேரில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பது அதன் முட்டை. மருந்து ஒரு முறை போட்டால் பேன் சாகும், முட்டை சாகாது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுமுறை போட்டால்தான் தீரும். பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கோழிக்குத் தெரிந்த வைத்தியம் மண் குளியல். ஓர் அகலக் குழியில் காய்ந்த மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்து வைத்தால் அது புரண்டு புரண்டு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

அம்மாவைப் பாருங்கள்!

சேவலுக்கு லட்சம் கொடுக்கிறவர்கள், பெட்டையை ஏனோதானோ என்று பிடித்துக்கொண்டு வருவார்கள். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. குஞ்சின் குணத்தில் பாதி தாயிடமிருந்து வருகிறது. தாயின் அலகு நேராக இருந்தால், மகனுக்குக் கிளிமூக்கு எங்கிருந்து வரும்? பெட்டைக்கு நீண்ட வால் தெரியாது. ஆனால் நீண்ட வாலைக் கொடுக்கும் குணம் அதன் இரத்தத்தில் இருக்கலாம். அது தெரிய வேண்டுமானால் அந்தப் பெட்டையின் அண்ணன் தம்பிகளைப் பார்க்க வேண்டும். முன்பு பிறந்த ஆண் குஞ்சுகளைப் பார்க்க வேண்டும். பெண் எடுக்கப் போகிறவர்கள் குடும்பத்தை விசாரிப்பது போலத்தான்!

இன்னொரு விஷயம். இது பலருக்குத் தெரியாது. பெட்டை ஒரு முறை சேவலோடு சேர்ந்தால், அதன் பலன் இரண்டு வாரம் வரைகூட உடம்பில் நிற்கும். தினமும் இடும் முட்டையெல்லாம் அதனால் கருவாகும். ஆகவே, தெருவில் திரிந்த பெட்டையைப் பிடித்து வந்து, விலை உயர்ந்த சேவலோடு விட்டு, மறுவாரமே முட்டையை அடைவைத்தால் அப்பன் யார் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுச் சேவலாக இருக்கலாம்! பெட்டையை மூன்று வாரம் தனியே அடைத்து வைத்து, பிறகு சேவலிடம் விட்டு, அதற்குப் பிறகு இடும் முட்டையைத்தான் எடுக்க வேண்டும். 21-ஆம் நாள் குஞ்சு வரும். காலில் வளையம் மாட்டிக் குறிப்பு எழுதிவிட வேண்டும்.

கலப்பு செய்து ஏமாற்றுகிறவர்கள் கொண்டையைக் காட்டுவார்கள். அசீலுக்குக் கொண்டை ரம்பம் போல் நிமிர்ந்து இருக்காது. சிறியதாக, தலையோடு ஒட்டி, மூன்று வரி மேடாக இருக்கும். அந்தக் கொண்டை உள்ள சேவலைச் சாதாரண நாட்டுப் பெட்டையோடு சேர்த்தாலும் குஞ்சுகளுக்கு ஏறக்குறைய அதே மாதிரிக் கொண்டைதான் வரும்! "பாருங்கள், சுத்த ஜாதி" என்று விற்றுவிடுவார்கள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, தங்களுக்குள் சேர்ந்து குஞ்சு பொரித்தால் குட்டு வெளிப்படும். நாலில் ஒன்றுக்கு ரம்பக் கொண்டை முளைத்துவிடும்! பரம்பரைக் குணம் இப்படித்தான் ஒளிந்து விளையாடும் என்பதைப் பேட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1902-ல் கோழிக் கொண்டைகளை வைத்தே நிரூபித்தார்.

சுத்தம் கெடக் கூடாது என்று அண்ணனையும் தங்கையையும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ப்பவர்களும் உண்டு. வால் வரலாம். ஆனால் முட்டை பொரிக்காது. பொரித்த குஞ்சும் நோஞ்சானாக இருக்கும். இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரு முறை வெளியிலிருந்து நல்ல இரத்தம் வர வேண்டும்.

யாரிடம் கேட்பது?

ஒரகடத்துக்காரர்களுக்குக் காட்டுப்பாக்கம் தூரமில்லை. சிங்கப்பெருமாள்கோயில் போய், ஜி.எஸ்.டி. சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால் வந்துவிடும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும், வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே இருக்கின்றன. கோழி வளர்ப்பில் பயிற்சி கொடுக்கிறார்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எல்லாம் கிடைக்கும். காலிலும் இறகு முளைத்த பிரம்மா, பஞ்சு மூட்டை போன்ற சில்க்கி, சண்டைச் சேவல் என்று கூண்டு கூண்டாக அடுக்கியிருப்பார்கள். வேடிக்கை பார்க்க அருமையான இடம். ஆனால் சந்தையிலிருந்து வாங்கி வந்த கோழியை நேரே வீட்டுக் கோழிகளோடு விட்டால் வீட்டில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். வெள்ளைக்கழிச்சல் அப்படிப்பட்ட நோய். ஒரு கூண்டில் நுழைந்தால் ஊரையே காலி செய்யும். இங்கிலீஷில் அதற்கு ராணிக்கேட் என்று பெயர். இமயமலைப் பக்கத்து ராணிக்கேட் என்ற ஊரில் 1920-களின் கடைசியில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். வந்த பிறகு மருந்து இல்லை. தடுப்பு மட்டும் உண்டு. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து. எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

போட்டிக்குப் போய்வந்த சேவலுக்கும் இதே சட்டம்தான். நூறு ஊர்க் கோழிகளோடு நின்றுவிட்டு வந்திருக்கிறது. பரிசு வாங்கியிருந்தாலும் இரண்டு வாரம் தனியறை!

இறகுக்கே விலை

கோழியை விட்டு இறகை மட்டும் விற்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் தூண்டில் போடுகிறவர்கள் சேவலின் இறகைக் கொக்கியில் கட்டி, ஈ மாதிரி செய்து மீனை ஏமாற்றுவார்கள். இதற்கென்றே நீண்ட, மெல்லிய இறகு வளரும் சேவல்களைக் கொலராடோ மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள். 2011-ல் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த இறகைத் தலைமுடியில் சேர்த்துக் கட்டிக்கொள்வது பெண்களிடையே திடீர் நாகரிகம் ஆகிவிட்டது! தூண்டில்காரர்களுக்கு இறகு கிடைக்கவில்லை. விலை பல மடங்கு ஏறியது. அடுத்த வருஷத்துக்குள் நாகரிகம் மாறிவிட்டது. தூண்டில்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

நம் மலைக்காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்கும் இதே காரணத்தால் ஒரு காலத்தில் வெளிநாட்டில் ஏகக் கிராக்கி இருந்தது. மெழுகு சொட்டியது போல மஞ்சள் புள்ளி உள்ள அழகான இறகு அது. இப்போது 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது. அதை வேட்டையாடுவது குற்றம்.

வீட்டுச் சேவலின் உதிர்ந்த வால் இறகுக்குச் சட்டத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். பெரிய இறகு ஒவ்வொன்றையும் அளந்து, தேதி எழுதி, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவைக்கலாம். குறுக்குக் கோடு இருந்தால் அதையும் குறிக்கலாம். அடுத்த வருஷத்து இறகு அதைவிட நீளமா, தடிப்பா என்று அப்போது தெரியும். அந்தச் சேவலின் குஞ்சை வாங்க வருகிறவர் கேட்டால், நோட்டைத் திறந்து காட்டலாம்.